கிடாருக்கு ஒரு சவுண்டு கார்டு: பழைய வண்ணாரப்பேட்டை வீடு ஒன்றில் நடந்த நிகழ்வு ஆய்வு

"ண்ணா, நான் அடிக்கிறது ஒரு நேரம், காதுல வுழுறது ஒரு நேரமா கீது. நல்லதா ஒரு சவுண்டு கார்டு சொல்லேன்."

என் சித்தி மகன் இப்படிப் போன் செய்தது ஒரு ஞாயிறு மதியம். சவுண்டு கார்டு என்று அவன் சொன்னது, கிடாரையும் மைக்கையும் யுஎஸ்பி வழியாக லேப்டாப்போடு இணைக்கிற சின்னப் பெட்டியை. கூடவே மூன்று கார்டுகளின் படத்தை அனுப்பியிருந்தான். மூன்றிலும் '192 கிலோஹெர்ட்ஸ்' என்று இருந்த இடத்தில் சிவப்பு வட்டம். நொடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளந்து பதியும் என்கிற எண் அது. எதில் எண் பெரிதோ அதை வாங்கிவிடலாம் என்பது அவன் கணக்கு. எண் மூன்றிலும் ஒன்றாக இருந்ததால்தான் எனக்குப் போன் வந்தது.

நான் மேடைக்கு மைக்செட் கட்டுகிறவன். கோயில் திருவிழா, சர்ச் கன்வென்ஷன், கல்யாணம், கானா கச்சேரி என்று போகிற ஆள். வீட்டு ரெக்கார்டிங் என் தொழில் இல்லை, ஆனாலும் தெரிந்தவர்கள் கேட்பார்கள், நானும் சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த ஒன்றை மட்டும் முழுதாக எழுதி வைக்கக் காரணம், கார்டு வாங்கப் போன நாங்கள் பாதி நாளுக்கு மேல் கார்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்டைத் தேர்ந்தெடுத்தது கடைசியில் அரை மணி நேர வேலை.

வீடும் ஆளும்

எம்.சி. ரோட்டுக்குப் பின்னால், மூன்று போர்ஷன் உள்ள பழைய வீடு. இவர்களுடையது மாடி. அறை பத்துக்கு எட்டு இருக்கும். ஒரு கட்டில், ஒரு பீரோ, சுவரில் ஏசி ஸ்டெபிலைசர், ஜன்னலுக்கு வெளியே துணிக்கடைகளின் பின்பக்கம். தீபாவளி மாதத்தில் அங்கே நின்று பக்கத்தில் இருப்பவனோடு பேசவே கத்த வேண்டும். மற்ற மாதங்களிலும் இரவு பத்தரைக்கு முன்னால் தெரு அடங்காது. அடங்கிய பிறகு கொருக்குப்பேட்டைப் பக்கம் போகிற கூட்ஸ் வண்டியின் ஹாரன் கேட்கும்.

தம்பிக்கு பாரிமுனையில் கிளியரிங் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் சர்ச்சில் வாசிப்பான். வடசென்னையில் கிடார் ஒன்றும் புதிதில்லை. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சுவரில் தொங்கிய வாத்தியம் அது. இவனுடையது மூன்று சிங்கிள் காயில் பிக்கப் வைத்த எலக்ட்ரிக் கிடார். எட்டு ஜிபி ராம் உள்ள ஐ3 லேப்டாப், ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் என்ற மென்பொருள். கானா பாடுகிற நண்பன் ஒருவன் உண்டு. ஒரே நேரத்தில் இவன் கிடாரும் அவன் குரலும் பதிவாக வேண்டும், கீழ் வீட்டுப் பாட்டி எழுந்துவிடக் கூடாது. தேவை இவ்வளவுதான்.

பாட்டி என்றதுமே ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும் பெட்டி) முன்னால் மைக் வைக்கிற யோசனை அடிபட்டுவிட்டது. கிடார் நேராகக் கார்டுக்குள் போக வேண்டும், ஆம்ப் சத்தத்தை லேப்டாப்புக்குள் மென்பொருள் செய்து தர வேண்டும். இலவசமாகவே நல்ல ஆம்ப் மாடல்கள் கிடைக்கின்றன. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்த மூல மென்பொருளை அவன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான். இந்த வழியில் ஒரு வில்லங்கம் உண்டு. விரல் தந்தியைத் தொட்டதிலிருந்து காதில் விழும் வரை சத்தம் லேப்டாப் வழியாகச் சுற்றி வர வேண்டும். அவன் புகாரும் அதுதான்.

டிலே

அவனிடம் இருந்தது ஆன்லைனில் 900 ரூபாய்க்கு வாங்கிய கேபிள். ஒரு முனையில் கிடாரில் சொருகுகிற பி-38 பின், மறுமுனையில் யுஎஸ்பி. கம்பெனி பெயர் எதுவும் அதில் இல்லை.

"ரொம்ப லேட்டா வருது" என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து, அந்தக் கேபிளின் பி-38 பின்னோடு கப்ளர் போட்டு இணைத்தேன். ரீப்பரில் ஒரு டிராக்கில் 'டிக்' சத்தம் ஓடும், அது வெளியே போய்க் கேபிள் வழியாகத் திரும்பி வந்து அடுத்த டிராக்கில் பதிவாகும். டிரைவர், அதாவது சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருள், சொல்கிற தாமதத்தை ரீப்பர் தானே கழித்துவிடும், ஆகவே அப்படிக் கழிக்கச் சொல்லும் அமைப்பை முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாம் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும். பதிவானதைப் பெரிதாக்கி இரண்டு டிக்குக்கும் நடுவில் அளந்தால் 96 மில்லிசெகண்ட்.

காற்றில் சத்தம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 96 மில்லிசெகண்ட் என்றால் கிட்டத்தட்ட 33 மீட்டர். கிடார் மாடியில், ஆம்ப் தெருமுனைத் துணிக்கடையில் வைத்த கதை. நிமிடத்துக்கு 110 தட்டு வேகத்தில் ஓடுகிற பாட்டில் ஒரு தட்டின் நாலில் ஒரு பங்கு 136 மில்லிசெகண்ட்தான். அதில் முக்கால்வாசிக்கு நெருக்கமாகத் தள்ளிப் போனால் எந்தக் கையும் தடுமாறும். பையன் வாசிப்பில் குறை இல்லை.

இது ஏன் வருகிறது? டீக்கடைப் பையன் கம்பித் தட்டில் டம்ளர் அடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டு நிறைந்தால்தான் கிளம்புவான். கம்ப்யூட்டரும் சத்தத்தை ஒவ்வொரு துளியாக எடுத்துப் போகாது, ஒரு தட்டு நிறையச் சேர்த்துத்தான் எடுக்கும். அந்தத் தட்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 48,000 துளி என்றால், 1024 துளித் தட்டு நிறைய 21 மில்லிசெகண்ட் ஆகும். 128 துளித் தட்டு 2.7 மில்லிசெகண்டில் நிறைந்துவிடும். உள்ளே வர ஒரு தட்டு, வெளியே போக ஒரு தட்டு, நடுவில் விண்டோஸ் எல்லா மென்பொருளின் சத்தத்தையும் கலக்கிற இடத்தில் இன்னொரு காத்திருப்பு. அந்தக் கலக்கும் இடத்தைத் தாண்டி நேராகக் கார்டோடு பேசுகிற வழியை ஸ்டைன்பெர்க் 1997-இல் கொண்டுவந்தது. அதுதான் ஏஎஸ்ஐஓ. கார்டு செய்தவர்களே அதற்கென எழுதிய ஏஎஸ்ஐஓ டிரைவர் இருக்கிறதா என்பதுதான் விண்டோஸ்காரர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 192 எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்.

டிரைவர் இல்லாத சாதனத்துக்கு ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொதுப் போர்வை உண்டு. அதையும் போட்டுப் பார்த்தோம். தாமதம் பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் நிமிடத்துக்கு இரண்டு தடவை 'படக்' என்று வெடித்தது. உள்ளே வருவது கேபிளின் கடிகாரப்படி, வெளியே போவது லேப்டாப்பின் கடிகாரப்படி. இரண்டு கடிகாரமும் இம்மி பிசகாமல் ஓடாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே பெட்டியில் நடந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு கார்டுகளோடு போனேன். ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும் பெரிங்கர் யுஎம்சி202எச்டி. இன்னொன்று ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, மூன்றாம் தலைமுறை. அவன் சர்ச்சில் கூட வாசிக்கிறவர் 6,500 ரூபாய்க்கு விற்பதாகச் சொல்லி, "மூணு நாள் வெச்சிப் பாத்துட்டு சொல்லு தம்பி" என்று கொடுத்தது. இரண்டுக்கும் சொந்த டிரைவர் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 128 பஃபரில் அதே டிக் சோதனை செய்தால் இரண்டும் பத்து மில்லிசெகண்டைச் சுற்றித்தான் நின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் இருந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. பஃபரை 64-க்கு இறக்கியதும் ஆம்ப் மாடலைத் தாங்க முடியாமல் லேப்டாப் பொரிய ஆரம்பித்தது. 128 போதும் என்று விட்டோம்.

இழுக்கிற மோட்டார்

கார்டு மாறியதும் டிலே போனது மட்டுமில்லை, கிடாரின் குரலே மாறிவிட்டது. "ண்ணா, இது என் கிடாரு தானா?" என்று நம்பாமல் தந்தியைப் பார்த்தான். அதற்கும் காரணம் இருக்கிறது. கார்டு வாங்குகிறவர்கள் அதிகம் கவனிக்காத காரணம்.

கிடார் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். அதிலிருந்து வருவது தெருக்குழாயில் வருகிற சன்னமான தண்ணீர் மாதிரி. குடத்தை வைத்துப் பொறுமையாகப் பிடித்தால் நிறையும். எதிர்வீட்டுக்காரர் லைனில் மோட்டார் போட்டு இழுத்தால் நம் குழாயில் காற்றுதான் வரும். சாதாரண லைன் இன்புட்டும் லேப்டாப் மைக் துளையும் சில ஆயிரம் ஓம்களிலிருந்து பத்துப் பதினைந்தாயிரம் ஓம் வரை நின்று இப்படி இழுக்கிற ரகம். இழுபட்டால் முதலில் போவது மேல்ஸ்தாயியின் மினுக்கு. கம்பளி போர்த்திய சத்தம் மிஞ்சும். 'இன்ஸ்ட்' என்று எழுதிய இன்புட் ஒரு மெகாஓம் அல்லது அதற்கு மேல் இருக்கும். அது எதையும் இழுக்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டு போகிற ரகம். அந்த 900 ரூபாய்க் கேபிளில் எவ்வளவு வைத்திருந்தார்களோ, காது சொன்னது போதும்.

இரண்டு கார்டிலும் இதற்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. சோலோவில் பத்து நிமிடம் அதைப் போடாமலேயே வாசித்து, "உங்க கார்டு தேவலாம்ணா, இது டல்லா கீது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். ஸ்விட்ச்சை அமுக்கியதும் தீர்ப்பு வாபஸ். பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் உள்ள செமி அக்கௌஸ்டிக் கிடாருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது, அந்த ப்ரீஆம்பே தண்ணீரைத் தள்ளிக் கொடுத்துவிடும்.

கொர்ர்

முதல் ஞாயிறே கொர்ர் என்று ஒரு சத்தம் பின்னால் இருந்தது. "அது இந்த டப்பா கேபிள் சத்தம், கார்டு மாத்தினா போய்டும்" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். போகவில்லை. என் கார்டிலும் அதே கொர்ர், சோலோவிலும் அதே கொர்ர். மூன்று வேறு வேறு சாதனம் ஒரே ராகம் பாடினால் சாதனத்தின் மேல் பழி போட முடியாது. மைக்செட் கட்டுகிறவனுக்கு இது தெரியாமல் போனது கேவலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன். கொர்ர் பெரும்பாலும் அடங்கி, மெல்லிய முனகல் மட்டும் மிஞ்சியது. மறுபடி சொருகினால் மறுபடி கொர்ர்.

அந்த நேரத்தில்தான் கானா நண்பன் வந்தான். டைனமிக் மைக்கை எடுத்து வாயருகே கொண்டுபோனவன், "யோவ்!" என்று கத்திக் கையை உதறினான். உதட்டில் ஷாக். மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தான். தம்பி அமைதியாகச் சொன்னான்: "எனக்கும் தந்திய தொட்டா சுறுசுறுங்கும். மழை நாள்ல ஜாஸ்தி." எவ்வளவு நாளாக என்றால், வீடு மாறி வந்ததிலிருந்தாம். சித்தி உள்ளேயிருந்து வந்து, "இதெல்லாம் என்கிட்ட ஒரு வார்த்த சொல்றானா பாரு" என்று அவன் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

மீட்டரை வைத்தேன். லேப்டாப்பின் உலோக மூலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே 108 வோல்ட் காட்டியது. பயந்துவிட வேண்டாம், அதன் பின்னால் தள்ளுகிற மின்சாரம் மிகக் கொஞ்சம். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு கெபாசிட்டர்கள் வழியாகத் துளியூண்டு கசிவு எப்போதும் இருக்கும். அது மூன்றாவது பின் வழியாக எர்த்துக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் இல்லையென்றால் அது லேப்டாப் உடம்பில் நிற்கும். யுஎஸ்பி வழியாகக் கார்டுக்கு வரும், கார்டிலிருந்து கிடார் தந்திக்கும் மைக் வலைக்கும் வரும், தரையில் நிற்கிற மனிதன் மிச்ச வழியாகிவிடுவான். கொர்ர் சத்தமும் தந்தியில் வந்த அந்தச் சுறுசுறுவும் ஒரே கசிவின் இரண்டு முகம்.

சுவரில் இருந்ததோ மூன்று துளை சாக்கெட். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் பாய் அதைத் திறந்து காட்டினார். சிவப்பு ஒரு வயர், கறுப்பு ஒரு வயர். மேல் துளைக்குப் பின்னால் திருகு பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. ஒரு நாளும் ஒரு வயரும் அதைத் தொட்டதில்லை.

"மீட்டர் போர்டு வரைக்கும் எர்த் கீதுப்பா. மேல இழுக்கல, அவ்ளோதான்" என்றார் பாய். பழைய வீடுகளில் இது சகஜம். வேறு சிலர் செய்கிற ஒரு குறுக்கு வேலையை அவரும் வெறுத்தார், நானும் வெறுக்கிறேன்: நியூட்ரலையே எர்த் துளையில் முடிச்சுப் போடுவது. கொர்ர் நின்றுவிடும், ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால் கிடார் தந்தியில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். மேடையில் கொர்ர் நிற்க எர்த் பின்னை உடைத்து எறிகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் மைக் வாங்கிப் பேசுவதில்லை.

பாய் பச்சை வயரை கேசிங் பட்டைக்குள் விட்டு மாடிக்கு இழுத்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் பல்பு பிரகாசமாக எரிந்தது. மீட்டர் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு வோல்ட் சொன்னது. வயர், கேசிங், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். சார்ஜரைச் சொருகினோம். கொர்ர் இல்லை. லேப்டாப் மூலையில் 108 இருந்த இடத்தில் ஒன்றுக்கும் கீழே.

மிஞ்சிய முனகல் வேறு ஜாதி. சிங்கிள் காயில் பிக்கப் ஒரு சிறு ஆன்டெனா, ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அது பிடித்துக்கொள்ளும். எந்தக் கார்டும் இதைத் தீர்க்காது. தம்பியை நாற்காலியோடு மெதுவாகச் சுற்றச் சொன்னேன். ஸ்டெபிலைசரைப் பார்த்து உட்கார்ந்தால் முனகல் ஏறியது, பீரோவைப் பார்த்துத் திரும்பினால் கிட்டத்தட்டக் காணாமல் போனது. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம். பிக்கப் ஸ்விட்ச்சை இரண்டாவது, நான்காவது நிலையில் வைத்தால் இன்னும் அமைதி. அவன் கிடாரில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியது, இரண்டு முனகலும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

எது வாங்கினான்

இவ்வளவுக்கும் பிறகு கார்டுத் தேர்வில் பெரிய சண்டை மிஞ்சவில்லை. இரண்டிலும் 24 பிட், இரண்டிலும் ஒரு நேரத்தில் இரண்டு டிராக், இரண்டிலும் கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட். வித்தியாசம் இதுதான்: யுஎம்சி202எச்டியில் இரண்டு துளையிலும் மைக்கோ கிடாரோ எது வேண்டுமானாலும் போடலாம். சோலோவில் ஒன்று மைக்குக்கு மட்டும், மற்றது கிடாருக்கோ லைனுக்கோ. நாளைக்கு டோலக்குக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைக்க ஆசை வந்தால் சோலோ கைவிரித்துவிடும். கேட்டேன். "இருக்கறது ஒரே மைக்குண்ணா, அதுவும் உன்னுது" என்றான்.

சோலோவை எடுத்தான். மூன்று நாள் இதே அறையில், இதே லேப்டாப்பில் ஓடிப் பார்த்த பொருள். பழைய பொருளில் பார்க்க வேண்டியவற்றையும் பார்த்தோம். யுஎஸ்பி வயரை ஆட்டினால் துண்டிக்கிறதா, குமிழைத் திருப்பினால் கரகரக்கிறதா, ஹெட்போனில் இரண்டு பக்கமும் வருகிறதா. குமிழ் ஓரத்தில் ஒரு கீறல், அதற்கு 300 ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். இரண்டு மைக் கேட்கிற வீடாக இருந்தால் என் கார்டு மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்கச் சொல்லியிருப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

192-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, 48-இல் பதிந்தால் 24 வரை பதிவாகிவிடும். ஒரு டிராக் நிமிடத்துக்கு எட்டரை எம்பி சொச்சம் பிடிக்கும். 192 என்றால் நான்கு மடங்கு, லேப்டாப்புக்கும் சுமை கூடும். சிவப்பு வட்டத்தை அவனே அழித்தான்.

அப்புறமும் இரண்டு சிக்கல்

கார்டு வாங்கிய மறுநாள் இரவே போன். "ண்ணா, டிலே திரும்ப வந்துச்சு." வீடியோவில் காட்டச் சொன்னேன். கழுத்தில் ப்ளூடூத் நெக்பேண்ட். அது மட்டுமே நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தின்னும். வயர் ஹெட்போனைக் கார்டிலேயே சொருகச் சொன்னேன்.

அடுத்த புகார் ரசிக்கத்தக்கது. "கூட வேற யாரோ வாசிக்கிற மாதிரியே கீது." டைரக்ட் மானிட்டர் ஸ்விட்ச் போட்டிருந்தது. அது கிடாரை லேப்டாப்புக்குப் போகாமல் நேராகக் காதுக்குத் தரும். குரல் மட்டும் பதியும்போது அருமையான வசதி. ஆம்ப் மாடல் வழியாக வாசிக்கும்போது வெறும் கிடார் ஒன்றும், பத்து மில்லிசெகண்ட் கழித்து ஆம்ப் கிடார் ஒன்றுமாக இரண்டு கேட்கும். அணைத்தான், கூட வாசித்தவர் கிளம்பிவிட்டார்.

லெவல் விஷயத்தில் அவனுக்கு மேடைப் பழக்கம் குறுக்கே வந்தது. சிவப்பு எரியும் வரை ஏற்றினால்தான் சத்தம் 'வெயிட்டா' இருக்கும் என்று நினைத்தான். 24 பிட்டில் அந்த அவசரமே இல்லை. வேகமாக அடிக்கும்போது உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும், வெயிட்டை ஆம்ப் மாடல் பார்த்துக்கொள்ளும்.

முதல் பாட்டை ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றேகாலுக்குப் பதிந்தார்கள். நான்கு நிமிடம். கிடார் டிராக்கைத் தனியாகப் போட்டுக் கேட்டேன், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குரல் டிராக்கில் இரண்டாவது சரணத்துக்கு நடுவே கூட்ஸ் வண்டி ஹாரன் நீளமாக விழுந்திருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்குப் பாடினவன், "கெடக்கட்டும்ணா, நம்ம ஏரியா தான" என்றான்.

அவன் இப்போதும் பாட ஆரம்பிக்கும் முன்னால் மைக்கைப் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயருகே கொண்டுபோகிறான்.